முதலாண்டு என்னும் வடிகட்டி

அமெரிக்கப் பல்கலைக்கழகத்தில் சேரும் மாணவர் எந்தத் துறைக்குப் போவதானாலும் முதலாண்டில் சில அடிப்படை வகுப்புகளைத் தாண்டித்தான் போக வேண்டும். நுண்கணிதம், பொது வேதியியல், அறிமுக இயற்பியல், ஆங்கிலக் கட்டுரை ஆகியவை அவற்றில் முக்கியமானவை. படிக்கட்டு வரிசைகளில் முந்நூறு நானூறு பேர் உட்காரும் அரங்கு, கீழே கரும்பலகை முன் ஒரு பேராசிரியர், இடையில் இரண்டு மூன்று தேர்வுகள், முடிவில் ஒரு பெரிய தேர்வு. இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் கணித, அறிவியல் வகுப்புகள் பெரும்பாலும் இப்படித்தான் நடந்தன. ‘இடப்பக்கம் இருப்பவரைப் பாருங்கள், வலப்பக்கம் இருப்பவரைப் பாருங்கள், ஆண்டு முடிவில் உங்கள் மூவரில் ஒருவர் இங்கே இருக்கமாட்டார்’ என்று முதல் நாளே சொல்லிவைக்கும் பழக்கம் பல கல்லூரிகளில் இருந்தது. பாடத்தின் தரத்துக்கு அது சான்று என்றே சொன்னவர்கள் நினைத்தார்கள். அதனால் அந்தப் பேச்சில் பெருமையும் இருந்தது.

அந்த மூன்றில் ஒருவரைக் கணக்கிட மூன்று எழுத்துகள் உண்டு: கடைநிலைத் தேர்ச்சிக்கு ‘டி’, தோல்விக்கு ‘எஃப்’, பாதியில் விலகினால் ‘டபிள்யூ’. மூன்றையும் சேர்த்து ‘டி-எஃப்-டபிள்யூ விகிதம்’ என்பார்கள். தமிழ்நாட்டுப் பொறியியல் கல்லூரிகளில் ‘அரியர்’ என்ற சொல் சுமக்கும் பாரத்தை அங்கே இந்த எழுத்துகள் சுமக்கின்றன. ஆனால் அரியரைத் தேர்வு மட்டும் எழுதி முடித்துவிடலாம். அங்கே தோற்றவர் கட்டணம் கட்டி முழுப் பாடத்தையும் மறுபடி படிக்க வேண்டும். பலர் அதற்குப் பதில் துறையை மாற்றிக்கொண்டார்கள், அல்லது கல்லூரியையே விட்டார்கள்.

தோற்றவர் யார், அவருக்கு என்ன குறை என்றுதான் நெடுங்காலம் கேட்கப்பட்டது. அந்தப் பாடம் எப்படி நடத்தப்படுகிறது என்ற கேள்வி எழ ஐம்பது ஆண்டுகள் போல ஆயின. முதலாண்டுப் பாடங்கள் மாறிய வரலாறு அந்தக் கேள்வி இடம்மாறிய வரலாறும்தான்.

1944-இல் போர்வீரர்களுக்கான மறுவாழ்வுச் சட்டம் நிறைவேறியது. இரண்டாம் உலகப் போரிலிருந்து திரும்பியவர்களின் கல்விச் செலவை அரசே ஏற்றது. ஏறத்தாழ 22 லட்சம் பேர் கல்லூரிக்கு வந்தார்கள். 1947-இல் அமெரிக்கக் கல்லூரி மாணவர்களில் கிட்டத்தட்டப் பாதிப் பேர் முன்னாள் படைவீரர்கள். தகுதியில்லாதவர்கள் புகுந்து தரம் கெட்டுவிடும் என்று ஹார்வர்டின் தலைவர் ஜேம்ஸ் கோனன்ட், சிகாகோவின் ராபர்ட் ஹட்சின்ஸ் போன்றவர்கள் முன்பே அஞ்சினார்கள். நடந்தது நேர்மாறு. படைவீரர்கள் மற்ற மாணவர்களைவிட நன்றாகப் படித்தார்கள். வயதும் குடும்பப் பொறுப்பும் அவர்களைப் படிக்கவைத்தன. அவர்கள் நன்றாகப் படித்ததால் பாடம் நடத்தும் முறையை யாரும் கேள்வி கேட்கவில்லை. கூட்டம் பெருகியதற்கு ஏற்ப அரங்குகள் பெரிதாயின, அவ்வளவுதான்.

முறையையே மாற்றிப் பார்த்த ஆரம்ப முயற்சிகளில் ஒன்று பிரேசிலில் நடந்தது. புதிதாக எழுந்த பிரசீலியா பல்கலைக்கழகத்தில் உளவியல் துறையை அமைக்க ஃப்ரெட் கெல்லர், கில்மர் ஷெர்மன் என்ற இரு அமெரிக்கர்களும் கரோலினா போரி, ரொடோல்ஃபோ அஸி என்ற இரு பிரேசில் அறிஞர்களும் சேர்ந்தார்கள். 1964-இல் அவர்கள் தொடங்கிய வகுப்பில் விரிவுரை மையமாக இல்லை. பாடம் சிறு அலகுகளாகப் பிரிக்கப்பட்டது. மாணவர் ஓர் அலகைத் தன் வேகத்தில் படிப்பார், முடித்ததும் சிறு தேர்வு எழுதுவார். நன்றாகத் தேறினால்தான் அடுத்த அலகு. தேறாவிட்டால் தண்டனை கிடையாது, மறுபடி படித்து மறுபடி எழுதலாம். முன்பே அந்தப் பாடத்தை முடித்த மூத்த மாணவர் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து விடைத்தாளை உடனே திருத்தி, எங்கே தவறு என்று பேசுவார். பிரேசிலில் ராணுவ ஆட்சி வந்து, 1965-இல் இருநூறுக்கும் மேற்பட்ட ஆசிரியர்கள் அந்தப் பல்கலைக்கழகத்திலிருந்து பதவி விலகினார்கள். முயற்சி அங்கே சிதறினாலும் அரிசோனாவில் தொடர்ந்தது. 1968-இல் கெல்லர் எழுதிய கட்டுரையின் தலைப்பே ‘போய் வாருங்கள், ஆசிரியரே’ என்பதுதான். எழுபதுகளில் ‘கெல்லர் திட்டம்’ பல நாடுகளுக்குப் பரவியது. எண்பதுகளில் தேய்ந்தது. அலகு அலகாகப் பாடம் எழுதவும், ஒவ்வொன்றுக்கும் பல தேர்வுத்தாள் தயாரிக்கவும் ஆகும் உழைப்பு பெரிது. எல்லாரும் ஒரே நாளில் தொடங்கி ஒரே நாளில் முடிக்கும் பருவ அட்டவணைக்குள் ஆளுக்கொரு வேகம் அடங்கவும் இல்லை.

அமெரிக்காவுக்குள் பெரிய அதிர்ச்சி நியூயார்க்கில் வந்தது. நகரப் பல்கலைக்கழகத்தின் மூத்த கல்லூரியான சிட்டி காலேஜ் ஹார்லெம் பகுதியில் இருக்கிறது. சுற்றிலும் கறுப்பின மக்களும் புவேர்ட்டோ ரிக்கோவிலிருந்து வந்தவர்களும் வாழ, கல்லூரிக்குள் அவர்களின் பிள்ளைகள் மிகக் குறைவு. 1969 ஏப்ரலில் அந்த மாணவர்கள் வளாகத்தின் ஒரு பகுதியைக் கைப்பற்றிப் போராடினார்கள். 1975-இல் கொண்டுவருவதாக இருந்த திறந்த சேர்க்கை 1970-லேயே வந்தது. நகரத்தில் பள்ளிப் படிப்பை முடித்த எவருக்கும் இந்தப் பல்கலைக்கழகத்தின் ஏதாவது ஒரு கல்லூரியில் இடம் உறுதி. கட்டணமும் கிடையாது. அந்த ஆண்டு சுமார் 35,000 புது மாணவர்கள் வந்தார்கள்.

சேர்த்தாயிற்று, எப்படிப் படிக்கவைப்பது? அதற்குமுன் எந்தப் பேராசிரியரும் கண்டிராத கட்டுரைகள் மேசைக்கு வந்தன. ஒரு பக்கத்துக்கு இருபது முப்பது பிழைகள். பலருக்கு வகுப்பறையில் எழுதப்படும் ஆங்கிலம் வீட்டில் பேசும் மொழியே அல்ல. இவர்களுக்குக் கல்லூரிப் படிப்பு ஆகாது என்று முடிவு கட்டியவர்கள் ஆசிரியர்களிலேயே பலர். சிட்டி காலேஜில் எழுத்துப் பயிற்சித் திட்டத்தை நடத்திய மினா ஷாக்னசி அந்த முடிவை ஏற்கவில்லை. 1970 முதல் 1974 வரை முதலாண்டு மாணவர்கள் எழுதிய ஏறத்தாழ 4,000 கட்டுரைகளை எடுத்துவைத்துக்கொண்டு, பிழைகளை வகை வகையாகப் பிரித்தார். பிழைகளுக்குள் ஓர் ஒழுங்கு இருப்பது தெரிந்தது. இறந்தகால விகுதியை ஓரிடத்தில் விட்டுவிடும் மாணவர் இன்னோரிடத்தில் அதைத் தேவையில்லாமல் சேர்க்கிறார். ஒரு விதி இருப்பது அவருக்குத் தெரியும், அது எங்கே பொருந்தும் என்பதுதான் தெரியவில்லை. ‘வாளைப்பளம்’ என்று சொன்னவரைத் திருத்தினால், கொஞ்ச நாளைக்குப் ‘பள்ள’த்துக்கும் ழகரம் போட்டுப் பார்ப்பாரே, அதே நிலை. நீண்டு சிக்கிக்கொண்ட வாக்கியமும் சோம்பலால் வருவதில்லை என்று ஷாக்னசி கண்டார். பழக்கமில்லாத கருத்தை, பழக்கமில்லாத நடையில் சொல்ல முயல்கிறவரின் பேனா அப்படித்தான் சிக்கும்.

இந்த ஆய்வு 1977-இல் ‘பிழைகளும் எதிர்பார்ப்புகளும்’ என்ற பொருள்படும் தலைப்பில் நூலானது. அடிப்படை எழுத்துப் பயிற்சி என்ற துறையே அந்நூலிலிருந்து கிளைத்தது எனலாம். அட்ரியன் ரிச், ஆட்ரி லார்ட், ஜூன் ஜோர்டன், டோனி கேட் பம்பாரா போன்ற எழுத்தாளர்கள் இந்த மாணவர்களுக்கு ஆசிரியர்களாக இருந்தார்கள் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். தகுதியில்லை என்று ஒதுக்கப்பட்ட வகுப்புக்கு அந்த நாட்டின் மிகச் சிறந்த பேனாக்கள் பாடம் எடுத்தன. ஆனால் காலம் ஒத்துழைக்கவில்லை. நகர நிர்வாகம் கடனில் மூழ்கியது. 1976-இல் 129 ஆண்டுகால இலவசக் கல்வி முடிவுக்கு வந்தது, ஆசிரியர்கள் குறைக்கப்பட்டார்கள். 1978-இல் ஷாக்னசி 54 வயதில் புற்றுநோயால் இறந்தார்.

இதே காலத்தில் வேறு இரண்டு ஊர்களில் வேறு இரண்டு வழிகள் பிறந்தன. 1970 மே மாதத்தில் தென் கரோலினா பல்கலைக்கழகத்தில் நடந்த மாணவர் கிளர்ச்சியில் தலைவர் தாமஸ் ஜோன்ஸின் அலுவலகமே முற்றுகையானது. மாணவர்களுக்கும் நிறுவனத்துக்கும் உறவே இல்லாமல் போனதுதான் காரணம் என்று கருதிய அவர், 1972-இல் முதலாண்டு மாணவர்களுக்கு ‘யூனிவர்சிட்டி 101’ என்ற சிறு வகுப்பைத் தொடங்கினார். 1974 முதல் ஜான் கார்ட்னர் அதை வளர்த்து நாடெங்கும் கொண்டுசென்றார். கல்லூரி வாழ்க்கைக்குப் பழக்கும் வகுப்பு அது. மாணவர்களை இடறிவிட்ட நுண்கணிதமும் வேதியியலும் அதன் எல்லைக்கு வெளியே, இருந்தபடியே இருந்தன.

மிசூரி பல்கலைக்கழகத்தின் கான்சஸ் சிட்டி வளாகத்தில் 1973-இல் டியானா மார்ட்டின் தொடங்கிய துணைப் பயிற்சி சின்ன ஏற்பாடுதான். ஆனால் சிந்தனையில் பெரிய திருப்பம் அதிலிருந்துதான் வந்தது. மருத்துவம், பல் மருத்துவம், மருந்தியல் மாணவர்களின் தோல்வியைக் குறைக்கும் பொறுப்பு அவருக்கு வந்தது. தோற்கக்கூடிய மாணவர் யார் யார் என்று பட்டியல் எடுப்பதே அதுவரை வழக்கம். மார்ட்டின் பாடங்களைப் பட்டியல் எடுத்தார். மூன்றில் ஒரு பங்கு போல மாணவர்கள் டி, எஃப், டபிள்யூ வாங்கும் பாடம் எதுவோ அதுவே ஆபத்தான பாடம். அந்தப் பாடத்தில் முன்பு நன்றாகத் தேறிய ஒரு மாணவர் மீண்டும் வகுப்பில் உட்கார்ந்து மற்றவர்களைப் போலக் குறிப்பெடுப்பார். வாரத்தில் சில மணி நேரம் விரும்பியவர்களோடு கூடிப் பேசுவார். விடையை அவர் சொல்லித் தரமாட்டார், கேள்வியைத் திருப்பி அவர்களிடமே கேட்பார். வகுப்பில் உள்ள எவரும் வரலாம் என்பதால் ‘மக்கு’களுக்கான கூட்டம் என்ற பெயர் ஒட்டவில்லை. 1981-இல் மத்திய கல்வித் துறை இதன் பயனைச் சான்றளித்து ஏற்றது. பின்னர் ஆஸ்திரேலியா, பிரிட்டன் உட்படப் பல நாடுகள் எடுத்துக்கொண்டன.

கலிஃபோர்னியாவில் பெர்க்லி பல்கலைக்கழகத்தின் கதையை நின்று நிதானமாகச் சொல்ல வேண்டும். எழுபதுகளின் நடுவில் யூரி ட்ரைஸ்மன் அங்கே ஆய்வு மாணவர். கறுப்பின மாணவர்களில் ஏறத்தாழ 60 சதவீதம் பேர் முதல் பருவ நுண்கணிதத்தில் டி அல்லது எஃப் வாங்குவதை அவர் பார்த்தார். ஏன் என்று ஆசிரியர்களைக் கேட்டார். அக்கறை இல்லை, பள்ளியில் அடித்தளம் சரியில்லை, வீட்டில் ஊக்கம் இல்லை, வறுமை என்ற நான்கு பதில்களே திரும்பத் திரும்ப வந்தன. அவர் பதில்களை அப்படியே நம்பிவிடாமல் மாணவர்களைத் தேடிப் போனார். நான்கும் பிழை. பலர் தங்கள் பள்ளியில் முதலிடம் பெற்றவர்கள். பிள்ளை பெர்க்லியில் படிக்க வேண்டும் என்று பெற்றோர் பல ஆண்டு பாடுபட்டிருந்தார்கள். ஏழைகள்தான் தோற்றார்கள் என்பதற்கும் ஆதாரம் இல்லை.

பிறகு அவர் இருபது கறுப்பின மாணவர்களையும், அதே பாடத்தில் சிறந்து விளங்கிய இருபது சீன வம்சாவளி மாணவர்களையும் ஒன்றரை ஆண்டு பின்தொடர்ந்தார். நூலகத்திலும் விடுதி அறையிலும் சமையலறையிலும் கூட இருந்து, அவர்கள் எப்படிப் படிக்கிறார்கள் என்று பார்த்தார். ஒரு மணி நேர வகுப்புக்கு இரண்டு மணி நேரம் படிக்க வேண்டும் என்று கல்லூரி சொன்னதைக் கறுப்பின மாணவர்கள் வேத வாக்காக எடுத்துக்கொண்டார்கள். வாரம் எட்டு மணி நேரம், தனியாக, கதவைச் சாத்திக்கொண்டு. படிப்பு வேறு, நண்பர்கள் வேறு. பள்ளியில் அவர்களைக் காப்பாற்றியது அந்தப் பழக்கம்தான். சீன மாணவர்கள் வாரம் பதினான்கு மணி நேரம் படித்தார்கள். முதலில் தனியாக வீட்டுக்கணக்கைப் போட்டுவிட்டு மாலையில் கூடுவார்கள். சாப்பாட்டு மேசையிலேயே விடைகளை ஒப்பிடுவார்கள். ஒருவருக்கு மட்டும் வேறு விடை வந்தால் அவர் எங்கோ தவறியிருக்கிறார், மற்றவர்கள் காட்டிக் கொடுப்பார்கள். எல்லாருக்கும் வேறு வேறு விடை வந்தால் கணக்கே கடினமானது, அதில் யாருக்கும் வெட்கமில்லை. தனி அறையில் அதே கணக்கோடு மல்லுக்கட்டிய மாணவருக்கு இந்த இரண்டையும் பிரித்தறிய வழியே இல்லை. கடினமான கணக்கு ஒவ்வொன்றையும் அவர் தன் அறிவின் குறை என்று எண்ணினார்.

1978-இல் ட்ரைஸ்மன் பட்டறை ஒன்றைத் தொடங்கினார். பின்தங்கியவர்களுக்கான ரெமிடியல் வகுப்பு என்று அழைத்தால் இந்த மாணவர்கள் வரமாட்டார்கள் என்று அவருக்குத் தெரியும். பள்ளியில் முதலிடம் பெற்றவரைப் பின்தங்கியவர் என்று எப்படி அழைப்பது? சிறப்பு மாணவர்களுக்கான திட்டம் என்று சொல்லி அழைத்தார். வாரம் இருமுறை, ஒவ்வொரு முறையும் இரண்டு மணி நேரம். எளிய பயிற்சிகள் அங்கே இல்லை. வழக்கமான வகுப்பில் வருவதைவிடக் கடினமான கணக்குகள் கொண்ட தாள் ஒன்று தரப்படும். முதலில் தனியாக, பிறகு சிறு குழுவாக உட்கார்ந்து போட வேண்டும். நடத்துபவர் மேசைக்கு மேசை நடந்து, பேசுவதைக் கேட்டுக்கொண்டிருப்பார். பட்டறைக்கு வந்த கறுப்பின, லத்தீன் அமெரிக்க மாணவர்கள் அதே வகுப்பில் இருந்த வெள்ளையின, ஆசிய மாணவர்களின் சராசரியைத் தாண்டினார்கள். 1988-இல் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஆஸ்டின் வளாகத்திலும் இது தொடங்கி, பின்னர் பல வளாகங்களுக்குப் போனது. இந்த வரலாற்றில் மிகவும் மதிக்கத்தக்க செயல் இதுதான் என்று சொல்லலாம். திட்டம் போடுவதற்கு முன் ஒன்றரை ஆண்டு உட்கார்ந்து கவனித்தவர்கள் வெகு சிலரே.

பட்டறை பாடத்துக்குப் பக்கத்தில் நின்றது. நுண்கணிதப் பாடத்தையே மாற்ற வேண்டும் என்ற குரல் 1986-இல் டூலேன் பல்கலைக்கழகத்தில் நடந்த கூட்டத்தில் எழுந்தது. 1987-இல் வாஷிங்டனில் கூடிய பெரிய மாநாட்டின் அறிக்கை, நுண்கணிதம் வடிகட்டியாக இருந்தது போதும், நீரை மேலேற்றும் பம்பாக இனி இருக்க வேண்டும் என்பதையே தலைப்பாகக் கொண்டது. தேசிய அறிவியல் அறக்கட்டளை 1988 முதல் பணம் கொடுத்தது. டெபோரா ஹியூஸ் ஹாலெட் முன்னின்ற ஹார்வர்டு குழு, எந்தக் கருத்தையும் வரைபடமாகவும் எண்களாகவும் சமன்பாடாகவும் மூன்று வழியில் காட்ட வேண்டும் என்ற விதியோடு பாடநூல் எழுதியது. வரைபடம் போடும் கால்குலேட்டர் மாணவர் கைக்கு வந்த காலம் அது. கையால் கணக்குப் போடும் திறன் மங்கிவிடும் என்று கணிதப் பேராசிரியர்களில் ஒரு சாரார் கடுமையாக எதிர்த்தார்கள். அந்தச் சண்டை பத்தாண்டு நடந்தது. இரு தரப்பிலும் கொஞ்சம் நியாயம் இருந்தது.

இயற்பியலில் திருப்பம் ஒரு கேள்வித்தாளால் வந்தது. அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தில் இப்ராஹிம் ஹலூன், டேவிட் ஹெஸ்டினெஸ் இருவரும் 1985-இல் வெளியிட்ட ஆய்வில், அறிமுக இயற்பியல் படித்து முடித்த மாணவர்களும் விசை, இயக்கம் பற்றிப் பாடத்துக்கு முன் வைத்திருந்த எண்ணங்களையே பெரும்பாலும் வைத்திருப்பதைக் காட்டினார்கள். 1992-இல் இது ‘விசைக் கருத்து வினாத்தாள்’ என்ற வடிவம் பெற்றது. கணக்கே இல்லாத, பேச்சு வழக்கில் கேட்கும் கேள்விகள். பாரமேற்றிய லாரி ஒன்றும் சிறிய கார் ஒன்றும் மோதிக்கொள்கின்றன. எது எதன் மேல் அதிக விசை செலுத்தும்? நியூட்டனின் மூன்றாம் விதியை ஒப்பிக்கத் தெரிந்த மாணவரும் ‘லாரி’ என்று எழுதினார். இரண்டும் சமம் என்பதுதான் விடை.

ஹார்வர்டில் எரிக் மசூர் மாணவர்களால் பாராட்டப்பட்ட விரிவுரையாளர். அரிசோனா ஆய்வைப் படித்துவிட்டு, தன் மாணவர்கள் அப்படி இருக்கமாட்டார்கள் என்ற நம்பிக்கையோடு அந்தத் தேர்வை வைத்தார். நீங்கள் கற்றுத் தந்தபடி எழுதவா, நான் நினைக்கிறபடி எழுதவா என்ற பொருளில் ஒரு மாணவி கேட்டதை அவர் பின்னாளில் பலமுறை நினைவுகூர்ந்திருக்கிறார். விடைகள் அவர் நம்பிக்கையைக் குலைத்தன. 1991 முதல் அவர் வகுப்பை மாற்றினார். சிறிது நேரம் பேசிவிட்டு ஒரு கேள்வியைத் திரையில் போடுவார். ஒவ்வொருவரும் தனியாக யோசித்து விடை தர வேண்டும். பிறகு பக்கத்தில் வேறு விடை சொன்னவரைத் தேடிப்பிடித்து வாதாட வேண்டும். இரண்டு மூன்று நிமிடம் அரங்கு சந்தைபோல இரைச்சலாக இருக்கும். மறுபடி விடை கேட்டால் சரியான விடை சொல்வோர் கணிசமாகக் கூடியிருப்பார்கள். நேற்றுத்தான் புரிந்துகொண்ட மாணவருக்கு, புரியாத இடம் எது என்பது பேராசிரியரைவிட நன்றாக நினைவிருக்கிறது என்பது மசூர் தந்த விளக்கம்.

ஒரே வினாத்தாளைப் பல கல்லூரிகள் பயன்படுத்தியதால் ஒப்பிட்டுப் பார்க்க முடிந்தது. 1998-இல் ரிச்சர்ட் ஹேக் 62 வகுப்புகளின், 6,542 மாணவர்களின் விடைகளைத் தொகுத்தார். பாடம் தொடங்கும்போது தெரியாமல் இருந்ததில் எவ்வளவு பங்கைக் கற்றார்கள் என்பது அவர் கணக்கு. விரிவுரை வகுப்புகளில் அது சராசரியாக 23 சதவீதம். மாணவர்கள் பேசியும் செய்தும் கற்ற வகுப்புகளில் 48 சதவீதம். நன்றாகப் பேசும் பேராசிரியரின் வகுப்பும் இதற்கு விலக்காகவில்லை. விரிவுரைக் கலையில் தேர்ந்தவர்களுக்கு இது வலித்திருக்கும்.

அறைகளும் மாறத் தொடங்கின. வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்தில் ராபர்ட் பெய்க்னர் படிக்கட்டு அரங்கை விட்டு, ஏழடி விட்டமுள்ள வட்ட மேசைகளைப் போட்டார். மேசைக்கு ஒன்பது பேர், மும்மூன்று பேராக மூன்று குழு. எம்.ஐ.டி. இதைத் தழுவி மின்காந்தவியலுக்கு அறை கட்டியபோது மாணவர்களே எதிர்த்து மனு கொடுத்தார்கள். அவர்களின் எரிச்சலைப் புரிந்துகொள்ள முடிகிறது. பேராசிரியர் கரும்பலகையில் ஓடவிடும் தெளிவான தர்க்கத்தைக் கேட்டுவிட்டு வெளியே வரும்போது எல்லாம் புரிந்ததுபோல இருக்கும். தானே தடுமாறிப் போட்ட கணக்கு அந்த நிறைவைத் தராது. ஹார்வர்டில் நடந்து 2019-இல் வெளியான ஆய்வு இதையே அளந்து காட்டியது. செய்து கற்ற மாணவர்கள் அதிகம் கற்றிருந்தார்கள், ஆனால் குறைவாகக் கற்றதாக நினைத்தார்கள்.

இதுவரை சொன்னவை பெரும்பாலும் தனி ஆசிரியர்களின், சிறு குழுக்களின் முயற்சிகள். அந்த ஆசிரியர் ஓய்வு பெற்றால், வேறு ஊர் போனால், வகுப்பு பழையபடி ஆகிவிடும். ஒரு பாடத்தின் எல்லாப் பிரிவுகளையும் சேர்த்து முழுதாக மாற்றியமைப்பது என்ற பொருளில் ‘பாட மறுவடிவமைப்பு’ என்ற சொல் பரவியது கேரல் ட்விக் நடத்திய திட்டத்தால். பியூ அறக்கட்டளை தந்த 88 லட்சம் டாலரில் 1999-இல் தொடங்கிய அத்திட்டம் 30 கல்லூரிகளைத் தேர்ந்தெடுத்தது. நிபந்தனை இரண்டு: மாணவர் கற்பது கூட வேண்டும், செலவு குறைய வேண்டும். அறிமுகப் பாடங்கள் சுமார் இருபத்தைந்திலேயே மாணவர் சேர்க்கையின் பெரும்பங்கு குவிந்துகிடப்பதால் அவற்றை மட்டும் சரிசெய்தாலே போதும் என்பது ட்விக்கின் வாதம். 30-இல் 25 கல்லூரிகளில் கற்றல் மேம்பட்டது, செலவு சராசரியாக 37 சதவீதம் குறைந்தது என்று திட்டம் அறிவித்தது.

ட்விக்குக்கு முன்மாதிரியாக இருந்தவற்றில் ஒன்று வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்தின் கணிதக் கூடம். வளாகத்தை ஒட்டிய வணிக வளாகத்தில் காலியான பெரிய கடையை எடுத்து, 1997-இல் ஐந்நூறுக்கும் மேற்பட்ட கணினிகளை அங்கே வைத்தார்கள். அறுகோண மேசையில் ஆறு ஆறாகக் கணினிகள். அப்போது இரவு பகல் திறந்திருந்தது. பாடம், பயிற்சி, தேர்வு எல்லாம் கணினியில். சிக்கினால் கையைத் தூக்கிக்கொண்டு உட்கார வேண்டியதில்லை. ஒவ்வொரு கணினியோடும் ஒரு சிவப்பு பிளாஸ்டிக் டம்ளர் உண்டு. அதை எடுத்துத் திரையின் மேல் வைத்தால் போதும், கூடத்தைச் சுற்றிவரும் உதவியாளர் வந்துவிடுவார். கெல்லரின் அலகுமுறையும் மூத்த மாணவரும் கணினியோடு திரும்பி வந்ததுபோல இருந்தது. ஆனால் அந்த டம்ளரைப் பார்த்து வர ஓர் ஆள் வேண்டும். 2013-இல் கலிஃபோர்னியாவின் சான் ஹோசே மாநிலப் பல்கலைக்கழகம் யுடாசிட்டி நிறுவனத்தோடு சேர்ந்து முதல்நிலைக் கணிதத்தையும் புள்ளியியலையும் இணையத்தில் மட்டுமே நடத்திப் பார்த்தது. தேர்ச்சி மிகக் குறைவாக இருந்ததால் அந்தக் கோடையிலேயே நிறுத்திவைத்தது.

ஆதாரம் குவிந்தபோது முறையைப் பற்றிய விவாதம் பெரும்பாலும் ஓய்ந்தது. இயற்பியலில் நோபல் பரிசு பெற்ற கார்ல் வீமன், பரிசுக்குப் பின் தன் உழைப்பைப் பாடம் கற்பிக்கும் முறைக்கே கொடுத்தார். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் அவர் குழு செய்து 2011-இல் வெளியிட்ட சோதனையில், அனுபவமிக்க பேராசிரியரின் விரிவுரை கேட்ட முதலாண்டுப் பொறியியல் மாணவர்கள் ஒரு வாரப் பாடத்தில் சராசரியாக 41 சதவீதம் எடுத்தார்கள். அனுபவம் குறைந்த இளையவர் புதிய முறையில் நடத்திய பிரிவு 74 சதவீதம் எடுத்தது. 2014-இல் ஸ்காட் ஃப்ரீமன் குழு 225 ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தது. விரிவுரை வகுப்பில் தோல்வி 33.8 சதவீதம், மாணவர் பங்கேற்கும் வகுப்பில் 21.8 சதவீதம். நூறு பேர் உள்ள வகுப்பில் பன்னிரண்டு பேர்.

கடைசியாகக் கைவைக்கப்பட்டது ரெமிடியல் வகுப்பு. தகுதித் தேர்வில் குறைந்தவர்கள் பட்டக் கணக்கில் சேராத ஆயத்தப் பாடத்தில் ஒரு பருவமோ இரண்டு பருவமோ உட்கார வேண்டும், அதற்கும் கட்டணம் உண்டு. உதவி என்ற பெயரில் இருந்த இந்தப் படியில்தான் மிகப் பலர் நின்றுவிட்டார்கள். டென்னசி மாநிலம் 2015-இல் எல்லாரையும் நேரே முதல்நிலைப் பாடத்தில் சேர்த்து, கூடவே பயிற்சி தரும் முறைக்கு மாறியது. கலிஃபோர்னியா 2017-இல் சமுதாயக் கல்லூரிகளுக்கு இதற்காகச் சட்டமே இயற்றியது. நியூயார்க் நகரப் பல்கலைக்கழகம் தன் இரண்டாண்டுக் கல்லூரிகள் மூன்றில் மாணவர்களைக் குலுக்கல் முறையில் பிரித்துச் சோதித்தது. 2016-இல் வெளியான முடிவின்படி, ஆயத்த இயற்கணிதத்தில் வைக்கப்பட்டவர்களில் 39 சதவீதம் தேறினார்கள். அதே இயற்கணிதத்தோடு வாரம் ஒரு பட்டறையும் கிடைத்தவர்களில் 45 சதவீதம். ஆயத்தப் பாடமே இல்லாமல் நேரே கல்லூரிப் புள்ளியியலில் பட்டறையோடு உட்காரவைக்கப்பட்டவர்களில் 56 சதவீதம். மூன்று பிரிவினரும் தகுதித் தேர்வில் ஒரே நிலையில் இருந்தவர்கள்.

ஷாக்னசி கட்டுரைகளைப் பிரித்து அடுக்கிய அதே பல்கலைக்கழகம், 2023 தொடக்கத்தில் தன் கல்லூரிகளில் தனித்த ரெமிடியல் பாடங்களை நிறுத்திவிட்டதாக அறிவித்தது. கணக்கிலோ எழுத்திலோ பின்தங்கி வருகிற மாணவர் இப்போது அங்கே முதல் பருவத்திலேயே பட்டக் கணக்கில் சேரும் பாடத்தில் உட்காருகிறார். அந்தப் பாடத்துக்கான கூடுதல் பயிற்சி நேரமும் அவருடைய அட்டவணையிலேயே இருக்கிறது.